நுரை சலவையன்று

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதவேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் சலவைத்தூளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நெறியாளர் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும். கடந்த ஒன்றரை ஆண்டுகளாக என் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் இருந்த அரிப்பு, மூன்றாம் இயலைவிட அதிக நேரத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு விடைதேடிச் சென்ற வழியில் கண்டவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பது பிறருக்கும் பயன்படும் என்று தோன்றியது. நான் மருத்துவரல்லள், மொழியியல் படித்தவள். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே, அதாவது சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடொன்றின் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும் முன்புறம் திறக்கும் சலவை இயந்திரம் இரண்டு குடும்பங்களுக்கும் பொது. அரிப்புத் தொடங்கியதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கடைக்குச் சென்று 'சென்சிடிவ்' என்று எழுதியிருந்த சலவைத் திரவத்தை வாங்கினேன். அது பயன்படாதபோது அதைவிட விலை கூடிய இன்னொன்றை வாங்கினேன். மூன்றாவது புட்டியில் குழந்தையின் படம் இருந்தது. விலை முதல் புட்டியைப்போல் இருமடங்கு. அரிப்பு மட்டும் மாறவில்லை. இறுதியில் தோல் மருத்துவரிடம் சென்றபோது அவர் எந்தப் பெயரையும் பரிந்துரைக்கவில்லை. இரண்டு கேள்விகள் கேட்டார்: "ஒரு தடவைக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? எத்தனை முறை அலசுகிறது?" முதற் கேள்விக்கு "இரண்டு மூடி" என்றேன். இரண்டாவதற்கு என்னிடம் விடையே இல்லை.

இந்தப் பதிவின் வாதம் அவ்விரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வாத தோலுக்கு எந்தச் சலவைப்பொருள் நல்லது என்று நாம் கேட்கிறோம். எதைப் போடுகிறோம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு போடுகிறோம், அதில் எவ்வளவு துணியிலேயே தங்கிவிடுகிறது என்பதே முதலில் கேட்கவேண்டியது. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிலும் என்ன எழுதப்படவில்லை என்பதே அடுத்துக் கேட்கவேண்டியது.

உறையின் மொழியைப் பாருங்கள். 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்பது இலக்கணப்படி நிறைவான தொடர்; செய்தியின்படி குறைத்தொடர். எத்தனை பேர் மீது சோதித்தார்கள், எவ்வளவு நாள் சோதித்தார்கள், முடிவு என்ன என்பவை அதில் இல்லை. தேர்வு எழுதினேன் என்று சொல்பவர் தேறினேன் என்று சொல்லவில்லை என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே கவனிப்பார்கள். கடையில் நாம் கவனிப்பதில்லை.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. ஒவ்வாமையைக் குறைவாகத் தூண்டுவது என்று பொருள்படுமாறு கிரேக்க வேர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட அச்சொல், மருத்துவ நூலிலிருந்து அன்றி ஒப்பனைப்பொருள் விளம்பரங்களின் வழியாகவே மக்களிடம் பரவியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1975இல் அச்சொல்லுக்கு ஒரு வரையறை விதித்தது: அதை அச்சிட விரும்பும் நிறுவனம், தன் பொருள் மற்றவற்றைவிடக் குறைவாகவே ஒவ்வாமை தருகிறது என்று மனிதர்கள் மீதான ஆய்வால் காட்டவேண்டும். ஒப்பனைப்பொருள் நிறுவனங்கள் இரண்டு வழக்குத் தொடுத்தன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. அன்றிலிருந்து அந்நாட்டில் அச்சொல்லுக்குச் சட்டப்பொருள் இல்லை; அச்சிடுகிறவர் கருதுவதே பொருள். அங்கே அவ்வாறென்றால், இங்கே நம் கடைகளில் அச்சொல்லைக் கண்டு இருமடங்கு விலை கொடுப்பதற்கு என்ன அடிப்படை?

தமிழ் உறைகளில் 'உணர்திறன் மிக்க சருமம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது என் தோலின் குணமாகவும், ஏறக்குறைய என் குறையாகவும் ஒலிக்கிறது. நம் வழக்கில் உள்ள சொல் வேறு. 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்போம். இத்தொடரில் எழுவாய் பொருள்தான். நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். பொருளுக்கும் எனக்கும் இடையே உள்ள உறவுதான் கெட்டிருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடவேண்டிய கடமையும் அத்தொடரிலேயே இருக்கிறது. ஆகவே தேடுவோம்.

தேடும்போது முதலில் நினைவில் கொள்ளவேண்டியது, சலவை செய்பவரையும் சலவைப்பொருளையும் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிய வரலாறு நம் நாட்டுக்கு உண்டு என்பது. தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கு ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் 'டோபி இட்ச்' என்று பெயர் வைத்தார்கள். வெளுப்பவர் துணியை ஒழுங்காக வெளுக்காததால் வந்த நோய் என்பது அப்பெயரின் உட்பொருள். உண்மையில் அது பூஞ்சைத் தொற்று. வெப்பமும் வியர்வையும் இறுக்கமான உடையும் அதை வளர்த்தன. நோய் துரையுடையது, பழி வெளுத்தவருடையது. இன்றும் அதே தவறு வேறு வடிவில் நிகழ்கிறது. இடுப்பிலும் தொடையிலும் வட்டவட்டமாக அரித்தால் 'சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாமே முடிவுகட்டி, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுகிறோம். சில நாள் அடங்கும். பிறகு முன்னினும் பரவும். அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் மருந்துக்கு எளிதில் மசியாத பூஞ்சைத் தொற்று பெருகியதற்கு இக்களிம்புகளின் தவறான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரித்துவருகிறார்கள்.

இன்னொரு நிகழ்வில் சலவைக்கு உண்மையாகவே பங்கு இருந்தது. ஆனால் அங்கும் குற்றவாளி சவுக்காரம் அன்று. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் சிறு சிறு இடங்களில் கடும் அரிப்பும் கொப்புளமும் தோன்றின. 1943இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அதன் காரணம் வெளிவந்தது. எந்தத் துணி யாருடையது என்று அடையாளம் காண, வெளுப்பவர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் சட்டைக் கழுத்தின் உட்புறத்திலும் இடுப்புப் பட்டையிலும் குறியிட்டு வந்தார்கள். குறி பட்ட இடமே கொப்புளம் வந்த இடம். சேராங்கொட்டை முந்திரி, மா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் 'பாய்சன் ஐவி' என்னும் நச்சுக்கொடியும் அக்குடும்பமே. அக்கொடியால் முன்பே ஒவ்வாமை பெற்றிருந்த உடல்கள் இக்குறியைக் கண்டுகொண்டன. நமக்கு இதிலுள்ள பாடம் எளியது: அரிப்பு உடம்பில் எங்கே வருகிறது என்று பாருங்கள். சலவைப்பொருளே காரணமென்றால், துணி அழுந்தியும் வியர்த்தும் இருக்கும் இடங்களிலெல்லாம் அது பரவலாகத் தோன்றவேண்டும். ஓரிடத்தில் மட்டும் என்றால் காப்பு, கடிகாரம், சாயம், இடுப்பு எலாஸ்டிக் என்று வேறெதையோ முதலில் ஐயுறவேண்டும்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு ஐயமும் உண்டு. காலி மனைகளிலும் தண்டவாள ஓரத்திலும் வெண்பூ பூத்து நிற்கும் பார்த்தீனியம், இங்கே 'காங்கிரஸ் புல்' என்று அறியப்படுவது, காற்றுவழி வரும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவையே அது பெரிதும் தாக்கும் இடங்கள். மாடியில் உலர்த்திய துணியில் அதன் காய்ந்த துகள்கள் படிந்திருந்தால், எந்தச் சலவைத்தூளை மாற்றியும் பயனில்லை. இதனால்தான், நாட்பட்ட அரிப்பென்றால் முதலில் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்வது சிக்கனம் என்கிறேன். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் முறை அது. இந்தியச் சூழலுக்கென்றே அமைத்த பொருள் தொகுப்பில் பார்த்தீனியமும் நறுமணக் கலவையும் உண்டு. நான் வாங்கிய மூன்று புட்டிகளுக்கும் செலவிட்ட பணத்தை முன்பே இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

சலவைப்பொருளுக்கு உண்மையான ஒவ்வாமை, நாம் எண்ணுவதைவிட அரிது. வட அமெரிக்காவின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், தோல் அழற்சியோடு வந்தவர்களுள் சலவைப்பொருளுக்கு ஒட்டுப் பரிசோதனையில் வினைகாட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. அப்படியானால் என்னைப் போன்றவர்களுக்கு நேர்வது என்ன? அது பெரும்பாலும் உறுத்தல். ஒவ்வாமை என்பது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் ஒரு குறிப்பிட்ட பொருளை நினைவில் வைத்துத் தாக்குவது. அதற்கு அணுவளவும் போதும். உறுத்தல் அளவைப் பொறுத்தது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சலவைத்தூள் கரைசலோ 10ஐ ஒட்டிய காரம். தோலின் அரண் பிறப்பிலேயே நலிந்திருப்பவர்களுக்கு, துணியில் தங்கிய காரமும் அழுக்ககற்றியும் வியர்வையில் கரைந்து நாள்முழுவதும் உரசுவதே போதுமானது. உறுத்தலுக்கு மருந்து பொருளை மாற்றுவது மட்டும் அன்று. அளவைக் குறைப்பதும் நன்றாக அலசுவதும்தான்.

இங்கேதான் இயந்திரமும் நுரையும் வருகின்றன. முன்புறம் திறக்கும் இயந்திரம் தண்ணீரைச் சேமிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அளவுக்கேற்ப மாறினும், ஒரு முழுச் சலவைக்கு ஏறத்தாழ 50, 60 லிட்டர். பழைய மேற்புற இயந்திரங்கள் அதைப்போல் இருமடங்கு குடித்தன. குறைந்த நீரில் துணி உருளையின் மேலே ஏறி 'தொப்'பென்று கீழே விழுவதால்தான் அழுக்கு கழல்கிறது. கற்பாறையில் அடித்துத் துவைப்பதன் இயந்திர வடிவம் அது. நுரை மிகுந்தால் என்னாகும்? விழும் துணிக்கு அது மெத்தையாகிவிடுகிறது; அடி விழுவதில்லை. அலசும்போது அந்நுரை எளிதில் வடிவதுமில்லை. சில இயந்திரங்கள் நுரையை உணர்ந்து தாமே கூடுதலாக அலசும். அப்போது சேமித்த நீரும் வீண். மற்றவை நுரையோடே முடித்துவிடும். எஞ்சியது சட்டையில் உலர்ந்து என் கழுத்துக்கு வரும். 'மேட்டிக்', 'ஃப்ரண்ட் லோடு' என்று குறித்து விற்கப்படும் தூளுக்கும் சாதாரணத் தூளுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு, முன்னதில் நுரையை அடக்கும் பொருள் சேர்ந்திருப்பதுதான். அது வெறும் விளம்பரச் சொல் அன்று. இவ்வகை இயந்திரத்துக்கு அதுவே வேண்டும்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குத் துணி துவைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் தூளைக் குறைத்ததைப் பார்த்துவிட்டு, "நுரை வரலன்னா அழுக்கு எப்படிம்மா போகும்?" என்றார். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் அது அனுபவத்தால் தெரிந்த அறிவு. கட்டிச் சவுக்காரக் காலத்தில் நுரைக்குப் பொருள் இருந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தைப் பிடித்துத் திரியவைத்துவிடும். அவற்றுக்கும் அழுக்குக்கும் ஈடுகொடுத்த பிறகு மிஞ்சிய சவுக்காரமே நுரைக்கும். ஆகவே நுரை வந்தால் போதிய அளவு போட்டாயிற்று என்று பொருள். 1959இல் சர்ஃபும் 1969இல் நிர்மாவும் வந்தபின் செயற்கை அழுக்ககற்றிகள் கடினநீரிலும் வேலைசெய்யத் தொடங்கின. நுரைக்கும் வெளுப்புக்கும் இருந்த பழைய உறவு அதோடு தளர்ந்தது. ஆனால் நம் கண்கள் பழகியதை நிறுவனங்கள் அறிந்திருந்தன. விளம்பரத்தில் வாளி நிரம்ப நுரை பொங்கவே செய்தது. அக்காவின் அறிவு பழையது. எங்கள் அறியாமை விளம்பரம் தந்தது.

சொல்லளவில் பார்த்தாலும் தமிழ் இதில் கவனமாகவே இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வினையால் சொல்லிவிடக்கூடியதை நாம் ஊறவைத்தல், கும்முதல், துவைத்தல், அலசுதல், பிழிதல், உலர்த்துதல் என்று பிரித்துச் சொல்கிறோம். புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்தில் தோண்டிய கூவலில் ஆடை வெளுத்தவளைக் காட்டுகிறது. களர்நிலத்து நீரின் காரம் அழுக்கைப் போக்கும் என்று அவள் அறிந்திருந்தாள். நம் சலவையின் அடிப்படை வேதியியல் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதுவே: காரம், அடி, அலசல். இயந்திரம் வந்தபின் முதல் இரண்டையும் விலைகொடுத்து வாங்குகிறோம், மூன்றாவதை மறந்துவிட்டோம். என் இயந்திரத்தில் 'கூடுதல் அலசல்' என்ற பொத்தான் இருந்ததை ஒன்றரை ஆண்டு நான் தொட்டதே இல்லை.

இனி, என்ன வாங்குவது என்று கேட்போருக்கு நான் கண்டறிந்தவை.

முதலாவது, மணம். சலவைப்பொருளில் ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்தவற்றுள் நறுமணப் பொருள்கள் முன்நிற்கின்றன. துணி உலர்ந்த பின்னும் மல்லிகை மணக்கிறது என்றால், மணப்பொருள் துணியில் தங்கியிருக்கிறது என்பதே பொருள். 'மணம் சேர்க்காதது' என்பதும் 'மணமற்றது' என்பதும் ஒன்றல்ல. பின்னதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு மணம் சேர்த்திருக்கலாம். குழந்தைப் படம் போட்ட புட்டியாயினும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.

இரண்டாவது, தூளா திரவமா என்பது. திரவம் மென்மையானது என்பது பொதுநம்பிக்கை. திரவம் எளிதில் கரையும் என்பதும் தூளின் துகள்கள் குளிர்நீரில் கரையாமல் தங்கக்கூடும் என்பதும் மெய்யே. ஆனால் திரவம் கெடாமலிருக்கப் பதனப்பொருள் வேண்டும். அவ்வாறு பயன்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்பதை அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல், பூசியபின் கழுவாமல் விடும் ஒப்பனைப் பொருள்களில் அதைத் தடைசெய்திருக்கிறது. உலர்ந்த தூளுக்கு இந்தத் தேவையில்லை. எனவே அப்பொருளுக்கு ஒவ்வாமை என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள், வெதுவெதுப்பான நீரில் நன்கு கரையும் மணமற்ற தூளை நாடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, நொதிகள். இவற்றின் மீது பழி அதிகம். 1960களின் இறுதியில் சலவைத்தூள் ஆலைகளில் நொதித் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது உண்மை. அதன்பிறகே நொதிகளைத் தூசி பறக்காத மணிகளாக்கிப் பொதிந்தார்கள். வீட்டில் துணி உடுத்துபவரின் தோலுக்கு அவற்றால் குறிப்பிடத்தக்க கேடு இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. குறைந்த வெப்பத்தில், குறைந்த காரத்தில் அழுக்கு போக நொதி உதவுகிறது என்பதையும் எண்ணவேண்டும்.

நான்காவது, துணி மென்மையாக்கி. மென்மையும் மணமும் தரும் பொருளைத் துணியில் வேண்டுமென்றே தங்கவைப்பதே அதன் வேலை. எஞ்சுவதைக் குறைக்க விரும்புபவர்கள் அதை வாங்காமலிருப்பதே எளிய தீர்வு.

ஐந்தாவது, 'இயற்கை'. பூந்திக்கொட்டை நல்ல பொருள். அதன் சப்போனின் நுரைக்கும், இலேசான அழுக்கைப் போக்கும். ஆனால் கண்ணில் பட்டால் அது எரியும் என்பதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் அறிவார்கள். சலவைச் சோடாவும் 'இயற்கை'தான். அதன் காரம் தோலுக்கு எவ்வகையிலும் மென்மையானதன்று. சேராங்கொட்டையைவிட இயற்கையான பொருள் உண்டா? வினிகர் ஊற்றுவோர் ஒன்றை மறக்கவேண்டாம்: பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும்.

ஆறாவது, தண்ணீர். பெங்களூரில் எந்தப் பொருளுக்கும் ஒரே அளவு சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிவரப்படும் காவிரி நீர் ஒப்புநோக்க மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் பெரும்பாலும் கடினமானவை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத நிலையில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுக்கிறது. இந்த இடைவெளிக்குள் சலவைத்தூளின் தேவை வெகுவாக மாறும். 2024 கோடையில் குழாய் வற்றி லாரியை நம்பிய வீடுகளில், அதே தூளும் அதே துணியும் வேறுவிதமாக நடந்துகொண்டிருக்கும். குழாய்முனையிலும் கொதிகெண்டியின் அடியிலும் வெண்படலம் படிந்தால் நீர் கடினமானது. காவிரி நீர் வரும் நாளில், உறையில் சொன்னதில் பாதியிலிருந்து தொடங்கி, துணி வெளுக்கிறதா என்று பார்த்து அளவைத் தீர்மானியுங்கள். நான் இப்போது இடுவது ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். முன்பு இட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடுதலாக ஒரு முறை அலசவிடுகிறேன். ஆறு வாரத்தில் கழுத்து தெளிந்தது; முழங்கை இன்னும் முழுவதும் தெளியவில்லை. எது என்னைக் குணப்படுத்தியது என்று அறுதியிட்டுச் சொல்ல இந்த ஒற்றை அனுபவம் போதாது. ஆனால் எது என்னைக் குணப்படுத்தவில்லை என்பதற்கு மூன்று காலிப் புட்டிகள் சான்று.

கூடுதல் அலசல் தண்ணீரை வீணாக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்நகரத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வியும்கூட. தூளைக் குறைத்தால் பலருக்கு அந்தக் கூடுதல் அலசலே தேவைப்படாது என்பது என் விடை. தோல் அழற்சி உள்ளவர்கள் உடலை ஒட்டும் துணிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். நாம் மிகையாகப் போடும் தூள் எங்கும் மறைந்துவிடுவதில்லை. 2015இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை காற்றில் பறந்து சாலையில் செல்வோர் மீது படிந்ததை இந்நகரம் கண்டது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வேரி தீப்பற்றவும் செய்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும், அதில் கலந்த அழுக்ககற்றிகளும் பாஸ்பேட்டும் அந்நுரைக்கு முக்கியக் காரணங்கள். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைப்பொருள்களில் பாஸ்பேட்டை 2013 முதல் கடுமையாக மட்டுப்படுத்திவிட்டது. வாளியில் நாம் விரும்பிய நுரைதான் ஏரியில் நம்மை அச்சுறுத்திய நுரை.

இனி என் முதன்மைக் கோரிக்கை. இவ்வளவு தேடியும் நான் வாங்கிய மூன்று புட்டிகளுள் ஒன்றில்கூட முழு உட்கூறுப் பட்டியல் இல்லை. 'அழுக்ககற்றி, பதனப்பொருள், நறுமணம்' என்று வகைப்பெயர்களே இருந்தன. குளியல் சோப்பு நம் தோலில் இரண்டு நிமிடம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்கீழ் அதன் உட்கூறுகளை உறையில் அச்சிடவேண்டும். சலவைத்தூளின் எச்சம் நாள்முழுவதும் தோலில் இருக்கிறது. அது அவ்விதிகளின் வரம்புக்குள் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பதனப்பொருள்களை அளவு எவ்வளவாயினும் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும் என்கிறது. ஒவ்வாமை தரும் நறுமணப்பொருள் நூற்றில் 0.01 பங்கைத் தாண்டினால் அதன் பெயரையும் குறிக்கவேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2017இல் இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. இவை மறைச்சரக்கைப் பறிக்கும் சட்டங்கள் அல்ல; விகிதத்தைக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கின்றன. ஒட்டுப் பரிசோதனையில் 'உனக்கு இன்ன பொருள் ஆகாது' என்று தெரிந்துகொண்ட ஒருவர், கடையில் அந்தப் பொருளைத் தவிர்ப்பதற்கு வேறென்ன வழி இருக்கிறது? பெயரில்லாத உறையின் முன் மருத்துவமும் பயனற்றுப்போகிறது. இந்தியாவிலும் சலவைப்பொருளின் உட்கூறுகளை உறையில் அச்சிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். 'சென்சிடிவ்' என்று எழுதுபவர்கள், எதை விலக்கினார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த அக்கா என்னிடம் ஒருநாள் கேட்டதைச் சொல்லாமல் முடித்தால் இப்பதிவு நேர்மையற்றதாகிவிடும். மூன்றாவது புட்டி பாதியில் நின்றபோது, "உனக்குத்தான் அது சரிப்படலியே, எனக்குக் குடும்மா. என் கையப் பாரு" என்று விரல்களை விரித்துக் காட்டினார். விரலிடுக்குகள் வெடித்துச் சிவந்திருந்தன. ஒன்றரை ஆண்டு என் முழங்கையை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எதிரே நின்ற கைகளைப் பார்க்கவில்லை. 'சென்சிடிவ்' என்ற சொல் உடுத்துபவரின் தோலை மட்டுமே கருதுகிறது. துவைப்பவரின் தோல் அதன் பொருள் எல்லைக்குள் வரவே இல்லை. நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதைத் தோலுக்கு ஆபத்தான 'ஈரவேலை' என்று ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகள் வகைப்படுத்துகின்றன. மூன்று வீட்டுத் துணிக்கு எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிடலாம். பிறப்பில் என் தோல் நலிந்தது; வேலையால் அவர் தோல் நலிந்தது. இரண்டையும் ஒரே மருத்துவ நூல் ஒரே அதிகாரத்தில்தான் சொல்கிறது.

புட்டியைக் கொடுத்தால் அவர் கை ஆறியிருக்காது; பொருளை மாற்றுவது போதாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். உள்ளே பருத்தித் துணி கொண்ட ரப்பர் கையுறை இரண்டு இணை, வேலை முடிந்ததும் தடவிக்கொள்ள வாசலின், அளந்துபோட ஒரு சிறு கரண்டி ஆகியவற்றை மூன்று வீட்டாரும் சேர்ந்து வாங்கித் தந்தோம். எல்லாம் சேர்ந்தும் என் ஒரு புட்டியின் விலையைத் தாண்டவில்லை. கனத்த போர்வைகளையும் விரிப்புகளையும் கீழ்த்தள இயந்திரத்திலேயே போட்டுவிடுவது என்றும், அதற்காக அவர் சம்பளத்தைக் குறைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. கையுறை வழுக்குகிறது என்று முதல் வாரம் கழற்றி வைத்துவிட்டார். இப்போது பெரும்பாலும் அணிகிறார். நுரை குறைவாக இருப்பது மட்டும் அவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

உங்கள் வீட்டில் அடுத்த முறை சலவைப்பொருள் வாங்கும்போது உறையின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே பெயர்கள் இல்லையென்றால் நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நானும் எழுதியிருக்கிறேன், விடைக்குக் காத்திருக்கிறேன். பிறகு, உங்கள் துணியைத் துவைப்பவர் யாராக இருந்தாலும், அம்மாவோ மனைவியோ வேலைக்கு வரும் அக்காவோ, அவருடைய கைகளை ஒருமுறை பாருங்கள். எந்தத் தூளை வாங்குவது என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.